கூத்துப் பார்த்தவர் மீது ஏன் இந்தக் கோபம்?



கோடை பிறந்துவிட்டால் நெட்டப்பாக்கம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேறும். கொடியேறினால் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் கூத்து நடக்கும். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் நடந்து வருவது இது. புதிதாக நடப்பது வேறொன்று. கூத்துக் களரியின் ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் நம்மவர் ஒருவரைப் பற்றி, மறுநாள் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் எழும் பேச்சு.

அவர் பெயரை எழுதுவது முறையன்று. அறுபதைக் கடந்தவர், எவரிடமும் கடன் வைக்காதவர், ஐவேளையும் முன் வரிசையில் நிற்பவர். அவருக்கு ஒரு பற்று உண்டு, நாடகம். மடுகரைப் பக்கம் கூத்து என்று காதில் விழுந்தால் மாலையிலேயே சைக்கிளைத் துடைத்து வைப்பார். கரியமாணிக்கம் என்றாலும் போவார், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமம் என்றாலும் போவார். (நம் கொம்யூனில் எல்லை தாண்டுவது என்பது பல இடங்களில் ஒரு வாய்க்காலைத் தாண்டுவதுதான்.) புதுச்சேரி நகரத்தில் மேடை நாடகம் என்றால் கடைசிப் பேருந்து போனபிறகு எப்படித் திரும்புவது என்று கவலைப்படாமல் போய்விடுவார். யாரையும் உடன் வரும்படி அவர் அழைத்ததில்லை. பார்த்ததை வந்து சொல்வார், கேட்பவர் இருந்தால்.

இதற்காக அவருக்குக் கிடைத்தது என்ன? "கூத்தும் கும்மாளமுமாகத் திரிகிற கிழவர்கள்" என்று பெயர் சொல்லாத ஒரு கண்டனம், பயானில். சலாமுக்குப் பதில் சொல்லும் குரல்கள் தணிந்துபோயின. இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பேத்திக்கு வந்த சம்பந்தப் பேச்சில், "பெண்ணின் பாட்டனார் கோயில் கூத்துக்குப் போகிறவராமே" என்று ஒரு குறை எழுந்து, பேச்சு நின்றுபோனது. ஐவேளை தொழும் ஒரு குடும்பத்தின் பெண்பிள்ளை, பாட்டனார் ஓர் இரவு கண்விழித்ததற்காக வாசலில் நிற்க வைக்கப்பட்டாள். மார்க்கத்தின் பெயரால் இது செய்யப்பட்டதால்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. இது மார்க்கமன்று, மார்க்கத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வந்த ஊர்வாய்.

கூத்தைக் கண்டிப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை என்பதால், அது இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். இரவு பத்து மணிக்கு மேல் களரி கூடும். ஒரு பக்கம் பக்கவாத்தியக்காரர்கள் அமர்வார்கள்: ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், வாய்த்தால் முகவீணை. கட்டியங்காரன் வந்து கேலியும் கிண்டலுமாகக் கதையைத் திறப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேடக்காரர் பாடுவார். முகம் தெரியுமுன் குரல் தெரியும். திரை விலகும்போது மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் விளக்கொளியில் மின்னும். அதன் பின் கிழக்கு வெளுக்கும் வரை பாட்டு, வசனம், அடவு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க்கோடி வரை கேட்கும்படி பாடியவர்களின் வழி வந்த குரல்கள் அவை. ஐரோப்பாவில் ஓபெரா என்று போற்றி, பட்டு உடுத்தி, சீட்டு வாங்கிப் பார்க்கிறார்களே, அதில் உள்ளதெல்லாம் இதில் உண்டு: பாட்டால் நகரும் கதை, இடையறாத வாத்தியம், ஒப்பனை, ஒரு பெருங்கதையின் கனம். இல்லாதது நாற்காலியும் நுழைவுக் கட்டணமும்தான்.

இன்னுமொரு செய்தி. இந்தப் பக்கத்தில் கூத்துக் குழுவை மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'ஜமா' என்கிறார்கள். "எந்த ஊர் ஜமா வந்திருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். நம் ஜமாஅத்துக்கு உறவான சொல், களரிக்குப் போய்த் தலைமுறைகள் ஆகின்றன. சொல்லை அவர்கள் விலக்கி வைக்கவில்லை.

இனி மார்க்க ஆதாரங்களுக்கு வருவோம். எடுத்துக்காட்டுபவர்கள் முதலில் எடுப்பது லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனம். வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கும் வசனம் அது. நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீக அரசர்களின் கதைகளையும் ருஸ்தமின் கதையையும் கொண்டுவந்து, குர்ஆனைக் கேட்க வந்த மக்களைத் தன் பக்கம் இழுத்தான் என்பதை இதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இது பாட்டைக் குறிக்கும் என்று கூறியதும் பதிவாகியுள்ளது. இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால் வசனம் அங்கேயே நிற்கவில்லை. அல்லாஹ்வின் பாதையிலிருந்து மக்களை வழிகெடுப்பதற்காக என்று நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. நள்ருவின் குற்றம் ருஸ்தமின் கதையைச் சொன்னது மட்டுமா, அதைக் குர்ஆனுக்கு எதிர்க்கடையாக விரித்ததா? நெட்டப்பாக்கத்துப் பெரியவர் எந்தக் கடையை விரித்தார்? எவரைத் தொழுகையிலிருந்து இழுத்தார்?

அடுத்து, நமக்கெல்லாம் தெரிந்தும் வசதிக்காக மறந்துபோகும் ஒரு நிகழ்வு. ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடிக் காட்டினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நிற்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்குப் போதும் என்று தோன்றும் வரை அதைப் பார்த்தார்கள். அண்ணலார் அவர்களை அவசரப்படுத்தவில்லை. உமர் (ரலி) அவர்கள் அந்த ஆட்டக்காரர்களைத் தடுக்கச் சிறுகற்களை எடுத்தபோது, விட்டுவிடும்படி அண்ணலார் தடுத்தார்கள் என்பதும் ஸஹீஹான அறிவிப்பே. பெருநாளில் இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோதும் அதுவே நடந்தது. ஆட்டத்தையும் பாட்டையும் கண்டவுடன் கல்லெடுக்கும் வேகம் அந்தப் பேணுதல் மிக்க பெருமக்களுக்கும் வந்தது. அதைத் தணித்தவர்கள் நம் தலைவர் (ஸல்) அவர்கள். இன்று கல்லெடுப்பவர்கள் இந்த நிகழ்வின் முதல் பாதியை மட்டும் ஸுன்னத்தாக எடுத்துக்கொண்டார்கள் போலும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பது பற்றிப் பேசும்போது இந்த இரு நிகழ்வுகளையும் ஆதாரமாக வைத்தே வாதிக்கிறார்கள். கேட்பவரின் நிலை, கேட்கப்படும் பொருள், காலம், இடம் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஹிஜ்ரி 505-இல் மறைந்த அந்த மேதைக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி ஹராம் என்று முத்திரை வைப்பது நமக்கு எளிதாக இருக்கிறது.

ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான கேள்விகளை ஒதுக்கிவிட்டு வாதத்தில் வெல்வது நேர்மையாகாது. அவற்றில் மூன்றை நாம் மதிக்கிறோம்.

கூத்து, கோயில் விழாவின் பகுதி. காப்புப் பாட்டும் சூடமும் அங்கே உண்டு. பாரதக் கூத்தின் இறுதிநாள் காலையில், மண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும் படுகளமும், மாலையில் தீமிதியும் நாடகமல்ல, அவை வழிபாடு. அந்த இடத்தில் முஸ்லிமுக்கு வேலையில்லை. இதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கர்ணன் களத்தில் சாய்வதைப் பார்ப்பது வேறு, கற்பூரத் தட்டில் கை வைப்பது வேறு. இந்த வேறுபாடு அந்தப் பெரியவருக்குத் தெரியும். அவரைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் தெரியும். தட்டு வரும்போது அவரைத் தாண்டித்தான் போகிறது, எவரும் முகம் சுளிப்பதில்லை. தெரியாதவர்கள் ஹவுளின் ஓரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவது அடுத்த கேள்வி. பெண்களைப் போல் ஆகும் ஆண்களைக் கண்டித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. கூத்தின் பெண் பாத்திரங்களை மரபாக ஆண்களே ஏற்று வருகின்றனர். காஞ்சிபுரம் அருகே 1990-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் போன்ற இடங்களில் பெண்பிள்ளைகளும் பயின்று ஆடியிருக்கிறார்கள். அதில் நமக்கு வேறு கேள்வி எழும். ஆக, பேணுதலுள்ள ஒருவர் "இது எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கினால் அவரை நாம் மதிப்போம். ஆனால் இதே கேள்விகள் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் அப்படியே பொருந்துமே! "மாப்பிள்ளை வீட்டார் சீரியல் பார்க்கிறார்கள்" என்று எந்தச் சம்பந்தம் நின்றது?

உறக்கமும் தொழுகையும் குறித்ததுதான் எல்லாவற்றையும்விட எடையுள்ள கேள்வி. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. விடிய விடிய நடக்கும் ஒரு கலைக்கு இதைவிட நேரான எச்சரிக்கை வேண்டியதில்லை. அதே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், கல்விக்காகவும் விருந்தினருக்காகவும் குடும்பத்தாருக்காகவும் இரவில் பேசியிருப்பதற்குத் தனித்தலைப்புகள் அமைத்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனினும் சுப்ஹைத் தவறவிட்டுப் பார்க்கும் கூத்தை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். நாம் பேசும் பெரியவர், பதினெட்டாம் போர் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து சைக்கிளை எடுப்பவர். துரியோதனன் முடிவை அவர் எத்தனை ஆண்டுகள் பார்த்திருப்பார் என்பது சந்தேகமே!

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். இஷா தொழுதுவிட்டு வந்து எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறோம்? கைபேசியில் ஒரு நிமிடக் காணொலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளைகள் எந்த ஜமாஅத்தில் இல்லை? அவர்கள் சுப்ஹுக்கு வராததைப் பற்றிப் பயானில் பொதுவாகப் பேசப்படுகிறது. சம்பந்தம் பேசும்போது பேசப்படுவதில்லை. நாகூர் ஹனிபா அவர்களின் கச்சேரி என்றால் நம் முந்தைய தலைமுறை நள்ளிரவு தாண்டியும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. ஆர்மோனியமும் தபலாவும் அங்கேயும் இருந்தன. அதைக் குறையாகச் சொல்ல நாம் வரவில்லை. அந்த மைதானத்தில் உட்கார்ந்தவர்களை எவரும் மார்க்கத்தைவிட்டு வெளியேற்றவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். தரையில் உட்கார்ந்து, ஊரோடு சேர்ந்து, வெளிச்சத்தில் பார்ப்பது குற்றம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்ப்பது குற்றமில்லை. இப்படியொரு ஃபிக்ஹை எந்த மத்ஹபில் கண்டெடுத்தார்கள்?

"நாடகம் நம் வழக்கமன்று, மாற்றாரிடமிருந்து வந்தது" என்று சொல்பவர்களுக்கு நம் இலக்கியம் தெரியவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. திருட்டில் வாழ்க்கையைத் தொலைத்த ஒருவன், குதிரையைத் திருடப் போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டுண்டு, வள்ளலின் உதவியால் மக்கா சென்று, பாவமன்னிப்பில் மறுவாழ்வு பெறும் கதை. ஒற்றைக் காலோடு மேடையேறி ஒருவனே தன் கதையைத் தானே பாடி நடிக்கும் வடிவம் அது. தவ்பாவை இதைவிடக் கண்முன் நிறுத்தும் பயான் எத்தனை கேட்டிருக்கிறோம்? அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்று வரிசை நீள்கிறது. இவை தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த நாடக நூல்கள். இன்று நம் மத்ரஸா அலமாரிகளில் தேடினாலும் கிடைக்காது. தவறு நூல்களுடையதா, அலமாரிகளுடையதா?

வடக்கே லக்னோவில் ஆகா ஹஸன் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர் 1853 வாக்கில் உருதுவில் 'இந்திர சபா'வை எழுதினார். பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. பார்ஸி நாடகக் குழுக்கள் அந்த வகை நாடகங்களை நாடெங்கும் சுமந்து சென்றன. அந்தக் குழுக்களின் வழியாகத்தான் தமிழ் மேடைக்கு இந்துஸ்தானி மெட்டுகள் வந்தன. குலேபகாவலியும் லைலா மஜ்னுவும் அலிபாபாவும் தமிழ் நாடகக் கொட்டகைகளில் ஏறின. எம்.ஜி.ஆர். நடித்த குலேபகாவலி 1955-இல் திரைக்கு வருமுன்பே அந்தக் கதை கொட்டகையில் பழகியதுதான். நாம் அந்நியம் என்று விலக்கும் மேடையில் நம் உருதுவின் ஓசை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மேடையைத் தமிழில் ஒழுங்குபடுத்திய சங்கரதாஸ் சுவாமிகள் நம் புதுச்சேரியில்தான் 1922 நவம்பர் 13 அன்று மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் அடக்கம். ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் வந்து அவரை நினைவுகூர்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வேடம் கட்டும் எளிய மனிதர்கள் அவர்கள். நம் பெரியவர் அங்கும் ஒருமுறை போய்வந்தார் என்பதும் அவர் மீதான குற்றப்பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சமாதிக்குப் போய்விட்டாராம்! அவர் போனது பாட்டுக் கேட்க. நம்மில் சிலருக்கு தர்கா வாதத்தை எங்கே நுழைக்கலாம் என்பதே கவலை.

இதே வழக்கு அரபு நாட்டில் முன்பே நடந்து முடிந்திருக்கிறது. டமாஸ்கஸில் அபூ கலீல் அல்கப்பானி என்பவர், பாட்டும் ஆட்டமும் கலந்த அரபு நாடகங்களை நடத்திவந்தார். கலீஃபா ஹாரூன் ரஷீதை மேடையில் காட்டியது பெரும் சினத்தைக் கிளப்பியது. ஷைக் ஒருவர் இஸ்தான்புல் வரை போய் சுல்தானிடம் முறையிட்டார். நாடகக் கொட்டகை மூடப்பட்டது. கப்பானி 1884-இல் எகிப்துக்குப் புறப்பட்டார். பிறகு என்ன நடந்தது? டமாஸ்கஸ் இழந்ததைக் கெய்ரோ பெற்றுக்கொண்டது. எகிப்தின் இசைநாடகத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவராக இன்று அவரைப் போற்றுகிறார்கள், டமாஸ்கஸும் சேர்ந்து.

கெய்ரோவில் அதற்கு முன்பே, 1869-இல், கெதீவ் இஸ்மாயில் ஓர் ஓபெரா மாளிகை கட்டியிருந்தார். வெர்டியின் 'ஐடா' 1871 டிசம்பர் 24 அன்று முதன்முதலில் அரங்கேறியது அங்கேதான். அதை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. கடன் வாங்கி ஐரோப்பாவைப் போல் ஆக முயன்ற ஆட்சியாளரின் ஆடம்பரம் அது, அந்தக் கடனே அவர் பதவியைத் தின்றது. நாம் காட்ட விரும்புவது வேறு. 1935-இல் எகிப்தின் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகமாக எடுத்துக்கொண்டது தவ்ஃபீக் அல்ஹகீமின் 'அஹ்லுல் கஹ்ஃப்'. வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் குகைத் தோழர்கள், முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கண்விழித்து, தமக்கு அன்பானவர் எவருமில்லாத உலகில் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை மேடையில் வைத்த நாடகம்.

எல்லை எங்கே என்பதும் அங்கே பேசப்பட்டது. 1926-இல் நடிகர் யூசுஃப் வஹ்பி, நபி (ஸல்) அவர்களாக ஒரு திரைப்படத்தில் தோன்ற இருக்கிறார் என்ற செய்தி பரவியதும் அல்அஸ்ஹர் எதிர்த்தது, அவர் விலகிக்கொண்டார். நபிமார்களை எவரும் வேடம் கட்டிக் காட்டக்கூடாது என்பதில் நமக்கும் மாற்றமில்லை. உலமாக்களிடம் நாம் எதிர்பார்ப்பது இதுதான்: கோடு எங்கே என்று காட்டுவது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே என்று சொல்வதற்கு உலமாக்கள் தேவையில்லை.

இதுவரை, போகலாமா கூடாதா என்று பேசினோம். போகாமலேயே இருந்ததால் நாம் இழந்தது ஒன்றுண்டு. தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றின் வாசலில் காவல் தெய்வமாக ஓர் உருவம் நிற்கிறது. பெயர் முத்தால ராவுத்தர். ராவுத்தர்! குதிரை வீரர்களாக இருந்த நம் மக்களின் பெயர். அவர் ஒரு முஸ்லிம் என்றும், பாண்டவர் கதையோடு தொடர்புடையவர் என்றும் மக்கள் கதை சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளில் இவரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகம் அச்சிட்ட நூல்கள் அவை. செஞ்சி வட்டாரத்தில் ஊர் ஊராக அலைந்து ஓர் அமெரிக்கர் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பக்கத்திலேயே வாழும் நாம் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு முஸ்லிமின் பெயரால் சிலை நிறுத்துவதும் படையல் இடுவதும் நம் ஈமானுக்கு ஏற்புடையதன்று. அந்த வணக்கத்தில் நமக்குப் பங்கு இல்லை. ஆனால் அதன் பின்னே உள்ள செய்தி? இந்தக் கிராமத்து மக்கள் தம் பெருங்கதையைத் தமக்குள் சொல்லிக்கொள்ளும்போது, அண்டை வீட்டு ராவுத்தருக்கும் அதில் ஓர் இடம் வைத்தார்கள். வாசலுக்கு வெளியேதான், என்றாலும் காவலுக்கு நம்பி வைத்தார்கள். கல்மனத்தோடு கதை சொல்லியிருந்தால் பகைவனாக வைத்திருக்கலாம். இன்று திரைப்படங்கள் நம்மை எந்த இடத்தில் வைக்கின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகரத்து மேடையிலும் இதே நிலைதான். இந்திரா பார்த்தசாரதி 1970-களில் 'ஔரங்கசீப்' என்ற நாடகத்தை எழுதினார். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அமைந்த நாடகப் பள்ளியை உருவாக்கி நடத்தியவரும் அவரே. ஷாஜஹான், தாரா, ஔரங்கசீப், ஜஹனாரா, ரோஷனாரா என்று ஒரு முஸ்லிம் அரச குடும்பத்தின் அகப்போரை வைத்து எழுதப்பட்ட தமிழ் நாடகம். மதத்தையும் ஆட்சியையும் பற்றி அது கேட்கும் கேள்விகள் நமக்கு உரியவை. நம் வீட்டு உணவு மேசையில் பேசப்பட வேண்டியவை. ஔரங்கசீப்பை அவர் காட்டிய விதம் சரியா, தாராவை உயர்த்தியது நியாயமா என்று வாதிட நமக்கு உரிமை உண்டு. பார்க்காதவன் எப்படி வாதிடுவான்? நம்மைப் பற்றிப் பிறர் எழுதுகிறார்கள், பிறர் நடிக்கிறார்கள், பிறரே பார்த்துப் பிறரே தீர்ப்புச் சொல்கிறார்கள். நாம் செய்தித்தாளில் படித்து வருந்துகிறோம்.

நெட்டப்பாக்கம் பெரிய ஊரன்று. 1954 மார்ச் 31 அன்று எதுவார் குபேர் பிரெஞ்சு ஆட்சியை உதறி இந்தியக் கொடியை ஏற்றிய ஊர் என்று வரலாற்றில் ஒரு வரி இருக்கிறது. மற்றபடி வயலும் ஏரியும்தான். வில்லியனூர் சுல்தான்பேட்டையைப் போல் நம்மவர்கள் தெருத்தெருவாக வாழும் இடமன்று இது. சில குடும்பங்கள், சுற்றிலும் பிறர். இப்படிப்பட்ட ஊரில் ஊரே கூடும் இரவு ஓர் ஆண்டில் சிலதான் வரும். அந்த இரவில் நம் வீடுகள் மட்டும் இருண்டு கிடந்தால் "தொழுகிறார்கள்" என்று அண்டைவீட்டார் நினைப்பதில்லை. "ஒதுங்குகிறார்கள்" என்று நினைக்கிறார்கள். நம் நோன்புக் கஞ்சியை வாங்கக் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான் அந்தக் களரியில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் நம் பள்ளிவாசல் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் அவர்கள் களரியின் ஓரம் வரைதான் போனார்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் மதிப்புக்குரிய ஹஜ்ரத்மார்களிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. கூத்துக்குப் போகும்படி எவரையும் தூண்ட வேண்டாம். வழிபாட்டில் கலக்காதே, இஷாவை ஜமாஅத்தோடு முடித்துவிட்டுப் போ, சுப்ஹைத் தவறவிடாதே என்று எல்லையைச் சொல்லுங்கள். அதை உரக்கவே சொல்லுங்கள். அதற்கு மேல் ஒருவரின் பற்றை அவருடைய பேத்தியின் வாழ்வோடு முடிச்சுப் போடும் வாய்களுக்கு மிம்பரிலிருந்து விறகு போடாதீர்கள். புறம் பேசுவதைத் தன் இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிட்ட ஹுஜுராத் அத்தியாயத்தின் விளக்கத்தை, அடுத்த ஜும்ஆவில் எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களிடமும் ஒன்று. பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் மகன் நாடகத்தில் நடிக்க விரும்பினால், கதை என்ன, வேடம் என்ன என்று கேளுங்கள், கேட்காமலேயே தடுக்காதீர்கள். நம் மத்ரஸாக்களின் ஆண்டு விழாவில், மூன்று மணி நேரச் சொற்பொழிவுக்கு நடுவே அரை மணி நேரம், சீதக்காதி நொண்டி நாடகத்தின் கதையைப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், திரை பிடிப்பது எப்படி, பாட்டு எங்கே நின்று வசனம் எங்கே தொடங்க வேண்டும் என்றெல்லாம் அறிந்த ஒருவர் நெட்டப்பாக்கத்தில் இருக்கிறார். முன் வரிசையில்தான் நிற்பார், ஸலாம் கொடுத்த பிறகு கேளுங்கள்.

அந்தப் பெண்பிள்ளையின் சம்பந்தத்தை நிறுத்திய வீட்டாருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் விரும்பினால் மறுபடியும் போய்ப் பேசலாம். வீடு அங்கேதான் இருக்கிறது.